மஞ்சள் தாளில் ஒரு வசனம்

1

அவன் எழுந்தான். பாலை அடுப்பில் வைத்தான். பல் தேய்த்தான். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தான். காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டினான், பூட்டை இழுத்துப் பார்த்தான், பஸ் ஏறினான்.

இப்படி ஒரு கதையைத் தொடங்கக் கூடாது. முதுகலைத் திரைக்கதை வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: முதல் காட்சியில் யாரும் தூங்கி எழுந்திருக்கக் கூடாது, பல் தேய்க்கவே கூடாது. எனக்கு வேறு தொடக்கம் அமையவில்லை. எழுதிப் பார்த்தவை இவை:

(அ) மனைவி இறந்து எட்டு மாதம் கழித்து அவன் மறுபடி கல்லூரிக்குப் போனபோது — செய்தித்தாள் வாடை அடிக்கிறது.

(ஆ) மழை — வேண்டாம்.

(இ) அவள் சிரிக்கும்போது — இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

ஆகவே பால், பல், பஸ்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒருவன் தன் மனைவி கடைசியாகப் பேசியதைத் திரைக்கதையில் எழுதினான். திருத்தினான். மறுபடி திருத்தினான். கடைசியில், அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்பது அவனுக்கே தெரியாமல் போயிற்று.

(அவன் யார் என்று கேட்பீர்கள். திரைக்கதையில் ‘நான்’ கிடையாது. இரண்டு வருடமாக அப்படியே எழுதிக் கை பழகிவிட்டது.)

2

வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக வாசிப்பார்கள். எழுதியவன் மட்டும் வாய் திறக்கக் கூடாது. படம் ஓடும்போது தியேட்டரில் உட்கார்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது அல்லவா, அதற்கான பயிற்சி.

அவனுடைய காட்சி சின்னது. ஆஸ்பத்திரி, பகல். மனைவியை ஸ்ட்ரெச்சரில் வைத்து அறுவை சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சாதாரண சிகிச்சைதான். கணவன் கூடவே நடக்கிறான். அவள் ஒரு வரி பேசுகிறாள். கதவு மூடுகிறது. அவள் திரும்பி வருவதில்லை.

கணவனாகக் கல்யாண வீடியோக்காரர் வாசித்தார். வீடியோ எடுத்து அலுத்துப் படிக்க வந்தவர். மனைவியாக வக்கீலம்மா, கோர்ட்டை விட்டுவிட்டு வந்தவர், எதை வாசித்தாலும் மனு வாசிப்பது போலவே இருக்கும். பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்தரி.

“வசனம் தட்டையா இருக்கு. சாகப்போறவ பேசற பேச்சா இது?” என்றார் கத்தரி.

“சாகப்போறோம்னு அவளுக்குத் தெரியாதே மேடம்” என்றார் வீடியோக்காரர்.

“அவளுக்குத் தெரியாது. பார்க்கறவனுக்குத் தெரியும்ல. டிக்கெட் வாங்கினது அவன்தான்.”

“எனக்கு இந்தப் பொண்ணு மேலயே நம்பிக்கை வரல” என்றார் வக்கீலம்மா. “இப்படி ஒருத்தி இருப்பாளா?”

“குறுக்கு விசாரணைய ஆரம்பிச்சுட்டாங்கப்பா” என்றார் வீடியோக்காரர்.

“நிஜமாத்தான் சொல்றேன். முகமே தெரியல. ஒரு கண்ணாடியாவது மாட்டி விடச் சொல்லுங்க.”

அவனுக்கு மனைவி இருந்தாள் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. விடுப்பு கேட்டபோது ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தான். எழுதியவன் பேசக் கூடாது. அவனும் பேசவில்லை. கண்ணாடி என்று மட்டும் குறித்துக்கொண்டான்.

3

திரைக்கதையைத் திருத்தினால் ஒவ்வொரு தடவையும் வேறு நிறத் தாளில் அச்சிட வேண்டும். முதலில் வெள்ளை, பிறகு நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள். புதுத் தாள் வந்ததும் பழையதைக் கிழித்துவிட வேண்டும். யார் கையிலாவது பழைய தாள் தங்கினால் படப்பிடிப்பில் தப்பான காட்சியை எடுத்துத் தொலைப்பார்கள். அவன் ஒழுங்கான மாணவன். வெள்ளையைக் கிழித்தான். கணினியில் இருந்ததன் மேலேயே புதியதை எழுதிச் சேமித்தான்.

அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தது அந்த வெள்ளைத் தாளில்தான்.

நீலம்: “நான் வரலேன்னாலும் படத்தை முடிச்சிடு.” வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவனுக்குக் கூசியது.

இளஞ்சிவப்பு: வசனம் இல்லை, அவள் பார்க்கிறாள். “என்னன்னு பார்க்கறா? அத கேமராமேன் வந்து எழுதுவானா?” என்றார் கத்தரி.

மஞ்சள்: கண்ணாடியைக் கழற்றிக் கணவன் கையில் கொடுக்கிறாள். “கண்ணாடி இல்லாம பார்த்தா நீ கொஞ்சம் அழகாத்தான் இருக்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கத்தரி பென்சிலை மேஜையில் வைத்தார்.

“இதுதான். இதுல இனிமே கை வைக்காத. வெள்ளிக்கிழமை கொடுத்துடு, கேமரா தரச் சொல்லிடறேன்.”

திரைக்கதை தேறாதவனுக்குக் கேமரா கிடையாது. கேமரா இல்லாதவனுக்குப் பட்டம் கிடையாது. அவன் தேறிவிட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்த வரி நினைவுக்கு வந்து சிரித்தான். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைச் சொன்னது தெரிந்தது. குரல்கூடக் கேட்டது. இரண்டு நிறுத்தம் கடந்த பிறகுதான், அவள் இதைச் சொன்னாளா, தான் எழுதியதா என்று யோசித்தான். வெள்ளைத் தாளில் என்ன இருந்தது என்று தேடினான். ஒன்றும் இல்லை. எங்கே தேடினாலும் மஞ்சள்தான் வந்தது.*

* அழுதான் என்று இந்த இடத்தில் எழுதினால் எடுபடும். அழவில்லை. உட்கார இடம் கிடைத்தது, உட்கார்ந்தான்.

4

அன்று ஸ்ட்ரெச்சருக்கு அந்தப் பக்கம் நடந்து வந்தவள் அவன் மச்சினி, மனைவியின் தங்கை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவன் போய் நின்றபோது கடையில் கூட்டம்.

“வாங்க மாமா. இப்பதான் வழி தெரிஞ்சுதா?”

“ஒண்ணு கேக்கணும்.”

“போன்ல கேக்கலாமே. ஓ, நீங்கதான் போனே எடுக்கறதில்லையே.” பக்கத்தில் நின்ற பெரியவரிடம் திரும்பினாள். “சளி வருதா, வறட்டு இருமலா?”

“ராத்திரியானா வருதும்மா.”

“எப்ப வருதுன்னு கேக்கலங்க, எப்படி வருது?”

அவர் இருமிக் காட்டினார். அவள் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

“அன்னிக்கு உள்ள போறப்ப அவ என்ன சொன்னா?” என்று கேட்டான்.

மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். “நீங்கதான பக்கத்துல இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“அப்புறம் என்ன?”

மஞ்சள் தாளில் இருந்ததைச் சொன்னான்.

“எந்தக் கண்ணாடி? படிக்கறப்பதான போடுவா. அன்னிக்கு அத வீட்லயே விட்டுட்டு வந்துட்டா, ஆஸ்பத்திரில பேப்பர் படிக்க முடியலன்னு காலைலேந்து ஒரே புலம்பல்.” அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். “அதுவும் அவ உங்கள அழகுன்னு சொன்னாளாக்கும். வாய்ப்பே இல்ல மாமா.”

சிரித்தாள். சிரித்துவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ரொம்ப சாதாரணமா இருக்கும். பரவால்லையா?”

“சொல்லு.”

சொன்னாள். அவன் தன்னையறியாமல் ஒரு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். இழுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

5

முடிவுகள்.

ஒன்று: மஞ்சளைக் கொடுக்கிறான். படம் எடுக்கிறான். தியேட்டரில் எல்லோரும் சிரித்து, பிறகு அமைதியாகிறார்கள். அவனும் அவர்களோடு அவளை நம்புகிறான்.

இரண்டு: மஞ்சளுக்கு அடுத்தது பச்சை. பச்சைத் தாளில் பழைய வரியை எழுதிக் கொடுக்கிறான். கத்தரி அதைப் படித்துவிட்டு, “உனக்குப் பைத்தியமா” என்று கேட்கிறார். இந்த முறை வாசிப்பு நேரம் இல்லை, அவன் பேசலாம். பேசினால் — (இதற்கு மேல் எழுதவில்லை.)

மூன்று: படிப்பை விடுகிறான். இது சோம்பேறி முடிவு.

இன்று புதன். மஞ்சளும் பச்சையும் மேஜை மேல் இருக்கின்றன. எதைக் கொடுக்கலாம் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எனக்கு அலுப்பாக இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே வேறு காரணத்துக்காக. இன்னொரு தடவை மறந்துபோனால், மருந்துக்கடைக்குப் போகாமலே எடுத்துப் படிக்க ஓர் இடம் வேண்டும்.

ஸ்ட்ரெச்சரை இரண்டு பேர் தள்ளினார்கள். அவன் ஓரக் கம்பியைப் பிடித்தபடி ஒட்டிக்கொண்டே நடந்தான். கதவுக்கு முன்னால் வண்டியைத் திருப்பினார்கள். அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“கால எடுடா, சக்கரம் ஏறிடும்.”