இரட்டைக் குமிழி

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கல்லைத் தூக்கிப் பிடிக்கிறேன், நீலம் மெல்லக் கண்ணுக்குள் இறங்குகிறது, இன்னும் லென்ஸை எடுக்கவில்லை, எடுத்தால் தெரிந்துவிடும், அக்கா, ஒங்க வீட்டுக்காரரு மோதிரமான்னு பாத்துச் சொல்லுங்க, மெதுவாப் பாருங்க என்கிறார் ஆஸ்பத்திரி கிளார்க், மூன்று நாள் சேற்றில் கிடந்த முகம், நீங்க பாக்க வேணாம் என்று முன்பே சொல்லிவிட்டார், இரத்தினபுரியில் மழைக்குச் சரிந்த மாணிக்கக் குழிக்குள் நான்கு பேர், மேலே வந்தது ஓர் உடம்பு, அதன் விரலில் இந்த மோதிரம், நான்கு பேருமே நீலக்கல் போட்டவர்கள், மற்ற மூவரும் ராசிக்கென்று வாங்கியபோது நானே பார்த்துச் சொன்னேன், அசல், என் வீட்டுக்காரர் மருதையினுடையது மட்டும் கண்ணாடி.

கல் பார்க்க இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படித்தோம், கல்யாணமான புதிது, பட்டறையின் வடக்கு ஜன்னலோரம், முதலில் உதட்டில் வைக்க வேண்டும், அசல் கல் சில்லென்று இருக்கும், குளிர்ச்சியை லேசில் விடாது, கண்ணாடி சீக்கிரமே நம் சூட்டை வாங்கிக்கொள்ளும், பிறகு திருப்ப வேண்டும், அசல் நீலம் ஒரு பக்கம் ஊதா கலந்திருக்கும், இன்னொரு பக்கம் பச்சை கலந்திருக்கும், கண்ணாடிக்கு எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம், கடைசியில்தான் லென்ஸ், அசலுக்குள் பட்டு நூல் போல மெல்லிய ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், கண்ணாடிக்குள் உருண்டைக் குமிழி, உருக்கும்போது உள்ளே மாட்டிய காற்று, வெளியே வர வழியில்லை, மருதை அவசரக்காரர், லென்ஸ் இல்லாமலே ஒரு கல்லை வாங்கி வந்து என் உள்ளங்கையில் வைத்தார், ஒட்டிக்கொண்ட இரண்டு குமிழிகள், ஏமாந்துட்டீங்க என்றேன், பெருசு நான், சிறுசு நீ, இந்த மாதிரி எந்த அசல்ல இருக்கும் சொல்லு, என்று அதையே மோதிரமாக்கிப் போட்டுக்கொண்டார், கழட்டுங்க, பட்டறையில என்னையக் கேலி பண்றாங்க என்பேன், போடி லென்ஸுக்காரி என்பார், என்கிறார், இதோ என்கிறார்.

உதட்டில் வைக்கிறேன், சில்லென்றுதான் இருக்கிறது, அது இந்த அறையின் குளிர், கணக்கில் சேராது, கொஞ்ச நேரத்தில் என் சூடு ஏறிவிடுகிறது, திருப்புகிறேன், ஒரே நிறம், இன்னொரு தரம், ஒரே நிறம், ஊசி தெரியட்டும், ஒரே ஒரு ஊசி, அப்படியானால் வெளியே பெஞ்சில் இருக்கும் மூன்று பெண்களில் ஒருத்தி அழுவாள், அழட்டும், லென்ஸைக் கண்ணோடு வைக்கிறேன்.

என்னக்கா?

அசல் நீலம், என்கிறேன், எங்க வீட்டுக்காரரோடது கண்ணாடி, இது அவரு இல்ல, வெளிய இருக்கறவங்களக் கூப்பிடுங்க.

கிளார்க் கை நீட்டுகிறார், என் விரல்கள் விடவில்லை, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக மறுபடி தூக்கிப் பிடிக்கிறேன், நீலத்துக்குள் பெரிய குமிழி அசையாமல் நிற்கிறது, அதை ஒட்டிய சிறியது மட்டும் என் மூச்சில் மங்குகிறது, தெளிகிறது, மங்குகிறது.