காலத்தை ஒழித்த ஜெயபாலன்

இதனால் சகல உலகத்தாருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், காலம் என்று ஒன்று கிடையாது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜெயபாலன் இந்த உண்மையை ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஈப்போவில் ஒரு மண்டபத்தில் வெளியிடுவதாக இருந்தார். பதாகை அடித்தாயிற்று. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் பொன்னாடை போர்த்தச் சம்மதித்தாயிற்று. சனிக்கிழமை அவருடைய அம்மா கருப்பம்மாள் இறந்துபோனதுதான் கொஞ்சம் இடைஞ்சல்.

லகாட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி அவரைப் படிக்கவைத்தவர். "பெரியவன் கையால கொள்ளி" என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது. ஜெயபாலனுக்கும் அதே பிடிவாதம். லோரி ஓட்டுகிற தம்பி சுகுமாரன் கையிலா கொள்ளியைக் கொடுப்பது?

"நாளைக்கு நாலு மணிக்கு எடுத்துருவோம்ண்ணே. அப்புறம் ராகு காலம்," என்றாள் கைப்பேசியில், அம்மாவைக் கிடத்தியிருந்த புந்தோங் வீட்டிலிருந்து தங்கை குமுதா.

"நம்மாளுங்க நாலுன்னா ஆறு. எந்தக் கல்யாண டின்னரு சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்கு? வந்துருவேன்லா."

மண்டபத்தில் டத்தோ ஒரு மணி நேரம் தாமதம். பொன்னாடை விழாமல் பிரபஞ்ச ரகசியத்தை அவிழ்ப்பது முறையல்ல என்பதால் ஜெயபாலன் காத்திருந்தார். ஒருவழியாக டத்தோ வந்து சால்வையைப் போர்த்தியதும் கைப்பேசி அதிர்ந்தது. குமுதாதான்.

"அண்ணே, வாரீங்களா? பெட்டிய மூடப் போறாங்க."

"இப்பத்தான் மைக்கப் புடிச்சிருக்கேன். இருக்கச் சொல்லு."

பிறகு பேசினார். வெளி என்பது மணல்போலத் துகள் துகளானதாம். துகளுக்கும் துகளுக்கும் உள்ள உறவைத்தான் நாம் காலம் என்று நம்பி ஏமாறுகிறோமாம். "நேற்று எங்கும் போய்விடவில்லை! அங்கேயே இருக்கிறது!" கைதட்டல் காதில் தேனாய்ப் பாய, "இறுதியாக ஒன்று" என்று நான்கு முறை சொன்னார்.

நம்மவர்கள் எதற்கும் தாமதமாக வருவார்கள். ராகுவுக்கு மட்டும் பயந்து முந்திக்கொள்வார்கள். தலைமையாசிரியருக்கு இது தோன்றவே இல்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது குமுதா வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் தோளில் இன்னும் சால்வை.

"கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"பொறுத்தோம்ண்ணே. சடங்கு செஞ்ச பண்டாரம், ராகு வந்துரும்னு கத்த ஆரம்பிச்சிட்டாரு."

ஜெயபாலன் தொண்டையைச் செருமினார். "அம்மா போயிட்டாங்கன்னு நினைக்காத குமுதா. நேத்துங்கிறது அப்படியேதான் இருக்கு."

குமுதா நிமிரவில்லை. தண்ணீரை அவர் செருப்பைப் பார்த்துத் தள்ளினாள்.

"அப்படியா? அப்ப அங்க போயி மொகத்தப் பாத்துட்டு வாங்க."

கொள்ளியைச் சுகுமாரன் வைத்துவிட்டான்.