சிறப்பு விருந்தினர் இலை

எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சமத்துவம் ஒரு புதன்கிழமை வந்தது. அதற்கு முந்தின வாரம் வரை அது வருவதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை.

அன்னவாசலுக்கு மேற்கே இருந்த போர்டுப் பள்ளி அது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே கூடம், அதற்கு முன்னால் நீளமாக ஒரு வராந்தா. ஊர்ப் பிள்ளைகள் கூடத்தில் உட்காருவார்கள், சேரிப் பிள்ளைகள் வராந்தாவில். சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் வராந்தாவில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கரும்பலகையில் பாதிதான் தெரியும். மீதிப் பாதியைக் கதவு மறைக்கும். இது என்ன நியாயம் என்று நான் கேட்டால் தலைமையாசிரியர் உடையப்பன், "வெளிய நல்லாக் காத்தோட்டமா இருக்கும் டீச்சர்" என்பார். அந்தக் காற்றுக்கு ஆசைப்பட்டு அவருடைய நாற்காலி ஒரு நாளாவது வெளியே வந்ததா என்றால், இல்லை.

அந்த வருஷம் பள்ளிகளைப் பார்வையிடுகிற டெபுடி இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி முகாம் போட்டார். தலைப்பு, 'வகுப்பறையில் சமத்துவம்'. நடக்கும் இடம், எங்கள் பள்ளி. சேதி வந்ததும் உடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே கலந்து உட்கார வைப்பது என்று முடிவெடுத்தார். திங்கட்கிழமையே ஒத்திகை தொடங்கிவிட்டது. ஒரு ஊர்ப் பிள்ளை, ஒரு சேரிப் பிள்ளை என்று தோரணம் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அவரே உட்கார வைத்தார். சமத்துவத்துக்கும் ஒத்திகை பார்த்த ஒரே பள்ளி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

என் கவலை செவந்தியைப் பற்றி. ஐந்தாம் வகுப்பு, கணக்கில் புலி. கதவு மறைத்த பாதிக் கணக்கையும் தானே ஊகித்துப் போட்டுவிடுகிற பிள்ளை. ஒத்திகைக்கு அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

அவளுடைய அம்மா மருதாயி வாசலில் நின்றபடியே சொன்னாள். "ஒரு நாளைக்கு உள்ள கூட்டிக்கிட்டுப் போயி, மறுநாளு வெளிய தள்ளுனா புள்ளைக்கு வெறுத்துப் போகும் டீச்சர். அவ அங்கிட்டே ஒக்காந்து படிச்சுட்டுப் போகட்டும்."

"உள்ள வந்தா வந்ததுதான். இனிமே வெளிய விட மாட்டேன். நான் பொறுப்பு" என்றேன்.

"நெசமாவா டீச்சர்?" என்று உள்ளேயிருந்து செவந்தி எட்டிப் பார்த்தாள்.

"அமிர்தவல்லி டீச்சர் சொன்னாச் சொன்னதுதான்டி" என்றேன். எப்படிச் செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. எப்போதும் என் வாய்தான் முன்னால் ஓடும். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போவேன்.

புதன்கிழமை பஸ்ஸிலும் சைக்கிளிலுமாக ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். மீமிசலிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. பேச்சாளர் ஞானமணி, கறம்பக்குடிப் பக்கத்தில் ஒரு ஹரிஜன நலப் பள்ளியின் ஆசிரியர். அவரும் சேரியில் பிறந்தவர்தான். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் பேசினார். "பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறோமோ அதுதான் நாம் நடத்துகிற முதல் பாடம். அ, ஆவெல்லாம் அதற்கப்புறம்தான்" என்றார். கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த செவந்தி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கைதட்டலில் ஓடு அதிர்ந்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் உடையப்பன்.

ஆண் ஆசிரியர்கள் சமத்துவத்தைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, பெண்கள் நாங்கள் இரண்டு பேர் பின்வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே சாப்பாட்டு இலை கழுவிக்கொண்டிருந்தோம். அதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டுக் கூடத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். உடையப்பன் வந்து என் காதருகே குனிந்தார்.

"ஞானமணி சாருக்கு மட்டும் வராந்தாவுல எலை போட்டுருங்க டீச்சர்."

"ஏங்க சார்?"

"சிறப்பு விருந்தினரு இல்லையா? தனி மரியாதை. காத்தோட்டமாவும் இருக்கும்."

அடப் பாவி மனுஷா! இப்போதுதானே ஐயா கை சிவக்கத் தட்டினீர்? எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அவருடைய அவசரத்தில் அவரே ஒரு இலையை உருவிக்கொண்டு போய் வராந்தாவில் போட்டுவிட்டார்.

முற்றத்தில் நின்ற செவந்தி அந்த ஒற்றை இலையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"டீச்சர், அது நான் ஒக்கார்ற எடம்ல?"

நான் இலைக்கட்டோடு வாசலுக்கு வந்தேன்.

"சாரு இம்புட்டுப் படிச்சும் அங்கதானா?" என்றாள். பிறகு, "அப்ப நாளையிலேருந்து நானும் அங்கயே ஒக்காந்துக்கிறேன் டீச்சர். உள்ள வந்து என்னத்துக்கு?" என்று சொல்லிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இந்தப் பிள்ளையை இப்போது விட்டால் அப்புறம் பிடிக்க முடியாது. "இருடி அங்கயே" என்று அதட்டிவிட்டு, கையில் இருந்த இலைகளிலிருந்து ஒன்றை உருவி ஞானமணியின் இலைக்குப் பக்கத்தில் போட்டேன். நேரே டெபுடி இன்ஸ்பெக்டரிடம் போனேன். கூடமே கேட்கிற மாதிரி குரலை எடுத்துவிட்டேன்.

"ஐயா, சிறப்பு விருந்தினருக்கெல்லாம் வராந்தாவுல தனி எலைன்னு ஹெட்மாஸ்டர் ஏற்பாடு பண்ணியிருக்காங்க. ஞானமணி சாருக்குப் போட்டாச்சு. ஒங்களுக்கும் பக்கத்துலயே போட்டுட்டேன். வாங்கய்யா, சோறு ஆறுது."

உடையப்பன் முகம் வெளுத்துப் போனது. ஆத்மநாதன் கூடத்தைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார். அங்கே ஞானமணி இலைக்கு முன்னால் கைகட்டி நின்றார். மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து சமத்துவத்துக்குத் தலைமை தாங்கிய மனிதர் அதை எப்படிச் சொல்வார்?

"அப்படியா... ரொம்ப சந்தோஷம்" என்று சந்தோஷமே இல்லாத குரலில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"ஒக்காருங்கய்யா. நல்ல காத்து" என்றார் ஞானமணி. அவர் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. மாற்றல் வேண்டியவர், சம்பள உயர்வு நின்று போனவர், மேலே மனுப் போட்டிருந்தவர் என்று ஒவ்வொருவராகத் தங்கள் இலையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குக் கிளம்பினார்கள். டெபுடி ஐயா பார்வையில் பட்டுச் சாப்பிடுவது என்ன லேசுப்பட்ட விஷயமா? கண்ணை மூடித் திறப்பதற்குள் கூடம் காலி. வராந்தாவில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு ஒரே பந்தி. கடைசியாக வந்த உடையப்பனுக்கு இடமே இல்லை. ஞானமணியின் மறுபக்கத்தில் மட்டும் ஒரு இலை அகலத்துக்கு எல்லாரும் ஒதுங்கி விட்டு வைத்திருந்தார்கள். நின்றுகொண்டே சாப்பிட முடியுமா? உட்கார்ந்தார்.

சாம்பார் ஊற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். செவந்தி போகவில்லை. தோளில் பையோடு அந்தப் பந்தியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் மறுநாள் என்ன ஆகும் என்ற கவலை போகவில்லை. வந்தவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள், இனி உடையப்பன் பழையபடி பிள்ளைகளை வெளியே தள்ளுவார். அவரோடு மல்லுக்கட்ட வேண்டிய வசனங்களை மறுநாள் காலை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வந்து பார்த்தால், வராந்தா கழுவி விடப்பட்டிருக்கிறது. குறுக்கே ஒரு கயிறு. சேரிப் பிள்ளைகள் முற்றத்தில் நிற்கிறார்கள். உடையப்பன் கையில் பிரம்போடு கத்திக்கொண்டிருக்கிறார்.

"டெபுடி ஐயாவே ஒக்காந்து சாப்பிட்ட எடம்டா இது! இதுல இனிமே கண்ட புள்ளைகளும் ஒக்காரப்படாது. டீச்சர், இதுகளை எல்லாம் உள்ள ஓட்டுங்க!"

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். "சரிங்க சார்" என்றேன். அந்த மனிதரிடம் எதிர்த்துப் பேசாமல் நான் சொன்ன ஒரே சரி அதுதான்.

பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே ஓடின. செவந்தி கரும்பலகைக்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்கார்ந்தாள். அன்று சாயந்திரமே வராந்தாச் சுவரில் ஒரு பலகை ஏறிவிட்டது. 'டெபுடி இன்ஸ்பெக்டர் திரு. ஆத்மநாதன் அவர்கள் ஆசிரியர்களுடன் சமமாக அமர்ந்து உணவருந்திய இடம். ஏற்பாடு: உடையப்பன், தலைமையாசிரியர்.'

பள்ளி விட்டு வெளியே வந்த செவந்தி கயிற்றுக்கு இப்பால் நின்று அதை எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தாள். மறுபடியும் ஒரு தரம் படித்தாள்.

"மொத எலை ஞானமணி சாருக்குத்தான போட்டாங்க டீச்சர்? அவரு பேரைக் காணோமே?"