முதுகில் ஏறிய ஈரம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. மாட்டுக் கொட்டகையில் ஒருத்தி சாணிப் படுக்கையில் மல்லாந்து படுத்த கதை. மூக்கைப் பொத்த வேண்டாம். நாற்றம் வராது, அதற்கு நான் பொறுப்பு.

அன்று காலைக் கறவையில் பெரிய மருமகள் ஒரு கறுப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து மாமனார் முன்னால் நீட்டினாள். ராங்கியின் பால் அதில் திப்பி திப்பியாக மிதந்தது. ராங்கி என்பது மாட்டின் பெயர். யார் கூப்பிட்டாலும் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள், அதனால் வந்த பெயர். தாய் செத்துப்போன கன்றாகக் கிடந்த ராங்கியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் பெரியவள். பெரியவள் கூப்பிட்டால் மட்டும் ராங்கி திரும்புவாள். இரண்டு காம்பு ஏற்கெனவே கெட்டு, இப்போது மூன்றாவதும் கல்லாக இறுகியிருந்தது. நான்காவதும் போனால் அந்தக் கொட்டகையில் அவளுக்கு இடமில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். படுக்கை ஈரமாக இருந்தால் எந்த மருந்தும் நிற்காது, முதலில் அதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது வீட்டை இரண்டாக்க.

படுக்கை சின்ன மருமகளின் ஏற்பாடு. முன்பெல்லாம் மாடுகளுக்கு மணல்தான் பரப்புவார்கள். மணல் சாணியோடு போய்ச் சாணிக்குழியின் அடியில் இறுகி, பம்பைத் தின்றுவிடும். கெட்டிச் சாணியைத் தூரத்து வயலுக்குக் கொண்டுபோக முடியாமல் பக்கத்து வயலிலேயே கொட்டிக் கொட்டி, அங்கே சோளம் கொழுத்துச் சாய்ந்தது. தூரத்து வயலோ சோகை பிடித்துக் கிடந்தது. சின்னவள்தான் பிழியும் மெஷினைக் கொண்டுவர வைத்தாள். சாணியை உள்ளே விட்டால் திருகு சுழன்று நெரிக்கும். தண்ணீர் சல்லடை வழியே இறங்கி வேறொரு குழிக்குப் போகும், அங்கிருந்து குழாயில் தூரத்து வயல்வரை ஓடும். வாய்ப்பக்கம் நார் மட்டும் பொலபொலவென்று விழும். அந்த நார்தான் படுக்கை. வீட்டில் அந்த மெஷினுக்குப் ‘பிழியான்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சோளம் இரண்டு வயலிலும் ஒரே உயரத்துக்கு வந்திருந்தது. பெரியவளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மாடு போட்டதை மாட்டுக்கே மெத்தையாக்குவதா என்றாள். அன்றிலிருந்து ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு தண்ணீர் கொடு, கதவைச் சாத்து என்ற அளவில் நின்றுவிட்டது.

மாமனார் அதிகம் பேசாதவர். படுக்கைதான் காரணம் என்றால் இன்று சாயங்காலமே மெஷினைக் கழற்றி அனுப்பிவிடலாம் என்றார். சின்னவள் ஒரு பிடி நாரை அள்ளிக் கசக்கிக் காட்டினாள். ஒரு சொட்டு வரவில்லை. பாருங்கள், காய்ந்துதானே இருக்கிறது என்றாள்.

பெரியவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

"கையில பிடிச்சுப் பார்த்தா என்ன தெரியும்? ராத்திரி பூரா அதுல கிடக்கறவ அவ. நீ படுத்துப் பாரேன்."

"படுக்கறேன்" என்றாள் சின்னவள்.

பூட்ஸோடு தடுப்பைத் தாண்டி, ஊசி போட நடையில் கட்டியிருந்த ராங்கியின் காலி இடத்தில் அப்படியே மல்லாந்து படுத்தாள். வெளுத்த நீலச் சட்டை. கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டாள். இரண்டு பக்கத்து மாடுகளும் அசைபோடுவதை நிறுத்திக் குனிந்து பார்த்தன. மாமனார் தீவனத் தொட்டிப் பக்கம் நின்றார், அவள் முகத்துக்கு நேரே. பெரியவள் தலைமாட்டில்.

முதலில் மெத்தென்றுதான் இருந்தது. மழைக்குப் பிறகு மண் மணப்பதுபோல ஒரு வாசனை. மேலே விசிறி சுற்றியது. ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்திருப்பாள். அப்போது இடது தோள்பட்டைக்குக் கீழே, யாரோ ஒரு விரலை வைத்ததுபோல, சில்லென்று ஒரு புள்ளி. அது அசையாமல் இருந்தது. பிறகு பரவத் தொடங்கியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. போன வார மழையில் சாணிக்குழி விளிம்புவரை நிரம்பிவிட்டது. தளும்பினால் கழிவுநீர் ஓடைக்குப் போகும். மெஷின் சீக்கிரம் இழுக்கட்டும் என்று, அதன் வாய்க் கதவை அழுத்தும் நீட்டுக் கம்பியில் இருந்த எடைக்கல்லை உள்பக்கம் தள்ளிவிட்டாள். அழுத்தம் குறைந்தால் வேகமாகத் தள்ளும், ஆனால் சரியாகப் பிழியாது. மழை விட்டதும் கல்லைப் பழைய இடத்துக்கு நகர்த்த வேண்டும் என்று நினைத்தவள் மறந்துபோனாள். கையில் அள்ளியதெல்லாம் விசிறிக் காற்றில் மேலாகக் காய்ந்த நார். ஓர் உடம்பு அழுத்தினால் அடியிலிருந்து ஈரம் மேலே வரும். தன் உடம்புக்கே இப்படியென்றால் ராங்கியின் கனத்துக்கு?

"என்னம்மா, காய்ஞ்சிருக்கா?" என்று கேட்டார் மாமனார்.

அவள் விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள். எழுந்திருக்கவில்லை. படுத்திருக்கும்வரை முதுகு அவளுடையது. எழுந்தால் ஊருக்கே. இடுப்புவரை இறங்கிவிட்டது ஈரம். சட்டை ஒட்டுவது தெரிந்தது.

பெரியவள்தான் கை நீட்டினாள். சின்னவள் அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள். எழும்போது முதுகு பெரியவள் பக்கம் திரும்பியது. தோளிலிருந்து இடுப்புவரை சட்டை கருத்துக் கிடந்தது. பெரியவள் பார்த்தாள். அவள் கேட்டதெல்லாம் கண்ணெதிரே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெஷின் சாயங்காலம் வண்டியேறிவிடும்.

அவள் தன் நீளக் கோட்டைக் கழற்றிச் சின்னவள் தோளில் போர்த்தினாள். "காத்து வீசுது, போட்டுக்கோ" என்றாள்.

ஏன் செய்தாள் என்று நானும் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன் கண்ணுகளா. எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது.

மாமனார் காத்துக்கொண்டிருந்தார். சின்னவள் கோட்டின் இரண்டு முனைகளையும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். ராங்கி பின்னங்காலை ஊன்ற முடியாமல் தூக்கித் தூக்கி வைத்தாள். ஒவ்வொரு முறையும் மடி காலில் உரசியபோது அவள் தோல் சிலிர்த்தது.

சின்னவள் கோட்டைக் கழற்றி மடித்துப் பெரியவள் கையில் கொடுத்தாள். திரும்பி நின்று மாமனாருக்குத் தன் முதுகைக் காட்டினாள்.

"மெஷின் மேல தப்பில்ல மாமா. குழி நிரம்புதேன்னு பயந்து நான்தான் கல்லை உள்ள தள்ளினேன். மறந்துட்டேன்."

மாமனார் அந்த முதுகைப் பார்த்தார். பெரியவள்தான் முந்திக்கொண்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"நீங்கதான் என்கிட்ட பேசறதே இல்லையேக்கா."

மாமனார் மெஷின் இருக்கும் பக்கம் நடந்தார். சுவரில் மாட்டியிருந்த பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனதை இருவரும் பார்த்தார்கள். கூப்பிட யாருக்கும் துணிவில்லை. பெரியவள் ஒரு மண்வெட்டியைச் சின்னவளிடம் நீட்டி, இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். ராங்கியின் இடத்திலிருந்து நாரைத் தோண்டி வெளியே தள்ளினார்கள். மேலே பொன்னிறம், ஒரு சாண் கீழே கறுப்பு. அடியில் சிமெண்டுத் தரை பளபளத்தது.

அப்போது மெஷின் நின்றது. அதுவரை கேட்டுக்கொண்டே இருந்ததால் கேட்காமலே போயிருந்த சத்தம், நின்றதும் காதை அடைத்தது. பிறகு இரும்பில் இரும்பு உரசும் ஒலி, ஒரு முறை, இன்னொரு முறை. கல்லை வெளியே நகர்த்துகிறாரா, மெஷினை அனுப்ப மரையைக் கழற்றுகிறாரா, இங்கிருந்து தெரியவில்லை. இருவரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். ஈரச் சட்டை காற்றில் குளிர்ந்தது. நடுவில் ராங்கி, பெரியவள் கூப்பிடாமலே, கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் யார் படுத்தாலும் அடிவரை காய்ந்த படுக்கை அமையட்டும். எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மடி நிறைந்து, மனம் நிறைந்து நன்றாக இருங்கள்.