மூன்றாவது ஓலை

ஷாஹினாஸ் படித்து முடிக்கும்வரை ஆன்ஸ்லின் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். நாகர்கோவிலில் அவர்களுடைய மாலை நேர எழுத்து வகுப்பு தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஷாஹினாஸ் கையில் இருந்தது ஆன்ஸ்லினுடைய நாவலின் ஏழாம் அத்தியாயம். ஒரு விண்கப்பலைக் கிரகம் ஒன்றுக்கு மணமுடித்துக் கொடுக்கிறார்கள். மணம் முடிந்ததும் கப்பல் தான் பறந்த பாதைகளையெல்லாம் மறந்துவிட வேண்டும். அதற்கு முன் மூன்று முறை சபையைக் கூட்டி, தடை சொல்பவர் உண்டா என்று கேட்பார்கள்.

"ரொம்பப் பட்டவர்த்தனமா இருக்கோ?" என்று கேட்டாள் ஆன்ஸ்லின்.

"அது கெடக்கட்டும். ஏட்டி, கிரகத்துக்க ஆளுவ பேசுதாவ, கப்பல் செஞ்சவன் பேசுதான், பெயின்ட் அடிச்சவன்கூடப் பேசுதான். கப்பலுக்க வாய எங்க கொண்டு வச்ச?"

"அது சபைக்கு வரப்பிடாது."

"யாரு சொன்னா?"

ஆன்ஸ்லின் தாள்களை வாங்கிப் புரட்டினாள். நாவலில் அப்படி யாருமே சொல்லியிருக்கவில்லை.

மூன்று ஞாயிறு சர்ச்சில் வாசித்துத் தடை உண்டா என்று கேட்கும் கல்யாண அறிவிப்புதான் ஓலை; அவளுடைய ஓலையும் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. ஓலை வாசிக்கையில் பெண் அங்கே இருக்கக் கூடாதென்று அம்மா சொல்ல, இரண்டு வாரமும் அவள் வீட்டில் உள்ளி உரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வகுப்பு வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோதும் அம்மாதான் தலையாட்டினாள். ஆரல்வாய்மொழியில் காற்றாலை மெக்கானிக்கான மாப்பிள்ளை டெனிஷ் அப்போது காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆன்ஸ்லினும்தான்.

திரும்பும் பஸ்ஸில், வழக்கம்போல் எண் போட்டு டைரி எழுதினாள். ஒன்று: கப்பலை யாரும் தடுக்கவில்லை. இரண்டு: யாரும் கேட்கவுமில்லை. மூன்று என்று போட்டதும் எண் மறந்துபோயிற்று. எட்டுப் பக்கம் ஓடியது. இறங்க வேண்டிய நிறுத்தமும் தாண்டிப்போனது. அந்தப் பக்கங்களில் கப்பல் சபையின் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது. அதன் தடை கிரகத்தை மணப்பதற்கா, பாதைகளை மறப்பதற்கு மட்டுமா? அது அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

மூன்றாம் ஞாயிறு காலையில் சேலை உடுத்தி வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா, நானும் வாறேன்."

"ஓலை வாசிக்கயில பொண்ணு வரப்பிடாது மக்கா. ஆளுவ சிரிப்பாவ."

"சிரிக்கட்டு."

போதகர் இரண்டு பெயர்களையும் வாசித்தார். "இதற்குத் தடை சொல்பவர் யாரேனும் உண்டா?" மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அதைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மூன்றாம் வரிசையில், முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஆன்ஸ்லின் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.