தலத்தெரு முக்கில் ஒரு நீதிபதி

நான் வக்கீலாகப் பதிவுசெய்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் என் அப்பா சிங்காரவேலு, தலத்தெரு முக்கில் பெரிய பேனர் வைத்துவிட்டார். கறுப்பு கோட்டில் நான் பல்லைக் காட்டுகிறேன். கீழே, ‘மாண்புமிகு நீதிபதி ஜெயப்ரியா’!

“அப்பா, நான் வெறும் ஜூனியர்! சீனியருக்குக் கேஸ் கட்டு தூக்குறவ. முன்சீப்பு, மாஜிஸ்ட்ரேட்டு, ஜட்ஜு எல்லாம் வேற ஆளுங்க!” என்று கத்தினேன்.

“ஏம்மா, படகு கடல்ல இறங்குறதுக்கு முன்னாடியே பேரு எழுதிடுறோம்ல?” என்றார் அப்பா, குஷியாக.

“மொதல்ல அதைக் கழட்டுங்க!” என்று சொல்லிவிட்டு கோர்ட்டுக்கு ஓடினேன். சீனியர் வராததால் நானே எழுந்து வேறு தேதிக்கு வாய்தா கேட்டேன்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “வர்ற வழியில பேனரைப் பாத்தேன். வாய்தாவை என்கிட்ட ஏம்மா கேக்குறீங்க? நீங்களே போட்டுக்கலாமே!”

கோர்ட்டே சிரித்தது. வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. வாய்தா கிடைத்தது.

சாயங்காலம் பார்த்தால் பேனர் அங்கேயே இருக்கிறது. ‘நீதிபதி’க்கு முன்னால் மட்டும் ஒரு தாளை ஒட்டியிருந்தார் அப்பா: ‘வருங்கால’.

இந்தத் தடவை நான் கத்தவில்லை. கோட்டைச் சரிசெய்துகொண்டு, பேனருக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்தேன்.