யானைக்கு முன்னால் நின்றவன்

மடாரென்று மூங்கில் முறிந்தது. அடுத்த நொடி புதரைப் பிளந்துகொண்டு ஒரு யானை பாதையில் வந்து நின்றது. காலடியில் குட்டி.

"ஏலே, ஓடுலே!" என்று கத்திய சின்னத்துரை, சரிவில் உருண்டு மறைந்தான்.

நான் ஓடவில்லை. யானை பதினைந்தடி தூரத்தில் காதுகளை விரித்தது. துதிக்கையை நீட்டி என் வாடையை இழுத்தது. அதன் கண்ணோர ஈரத்தில் ஈ மொய்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. பிறகு என்ன தோன்றியதோ, குட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிவிட்டது.

அது 1935, ஈஸ்டர் விடுமுறை. நானும் சின்னத்துரையும் ராஜபாளையத்தில் ஒரே பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, முதுகுப் பையில் அவலும் கருப்பட்டியும் போட்டுக்கொண்டு, செண்பகத்தோப்பு வழியாக மலையேறியிருந்தோம். என்ன நாட்கள் அவை! பசித்த இடத்தில் தின்றோம், களைத்த இடத்தில் படுத்தோம். பாறை மறைவிலிருந்து மிளா மான் பார்த்தோம். பூனை அளவு மலையணில் கிளைக்குக் கிளை தாவுவதைக் கழுத்து வலிக்கப் பார்த்தோம். அந்தக் கால்கள் இப்போது எனக்கில்லை.

ஆனால் நான் மலையேறியது விலங்கு பார்க்க அல்ல. சின்னத்துரையின் தங்கை தேவகிருபையைப் பெண் கேட்க. ஞாயிறுதோறும் கோயில் ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அப்பா இல்லாத வீடு. சின்னத்துரை சரியென்றால்தான் நடக்கும். இரண்டு நாளாகப் பேச்சு தொண்டை வரை வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

சரிவிலிருந்து ஏறி வந்தவனுக்கு முழங்கையெல்லாம் சிராய்ப்பு. காலில் ஒற்றைச் செருப்பு.

"எலியேசரு! சரிவுலேருந்து பாத்தேன், கல்லு மாதிரில்லா நின்னே! யானையே பயந்து போயிட்டுலே!"

நான் அவனுடைய இன்னொரு செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஊருக்குப் போனதும் மொதல்ல தேவகிருபைகிட்டச் சொல்லணும். சாக்பீஸ் புடிக்கிற வாத்தியாருக்கு இம்புட்டு தைரியமான்னு வாயப் பொளந்திருவா."

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அப்போதே கேட்டிருந்தால் அங்கேயே கட்டிப்பிடித்துத் தலையாட்டியிருப்பான். ஒரு மைல் தூரம் அந்தப் புகழைச் சுமந்து நடந்தேன். இனிக்கத்தான் செய்தது. ஆனால் அவள் என்னை வீரனென்று நம்பிக் கழுத்தை நீட்டினால், ஆயுள் முழுக்க அல்லவா நான் வேஷம் போட வேண்டும்?

ஓடைக்கரையில் உட்கார்ந்ததும் போட்டு உடைத்தேன்.

"ஏலே, அது தைரியமில்ல. காலு நகரவே மாட்டேன்னுட்டு. வேட்டி நனைஞ்சிருக்கு பாத்தியா? அது ஓடைத் தண்ணி இல்லலே."

சின்னத்துரை என் வேட்டியைப் பார்த்தான்.

"இன்னொண்ணும் சொல்லிருதேன். எனக்குத் தேவகிருபையக் கட்டிக்கிடணும். கேக்கத்தான் ஒன்கூட வந்தேன். இம்புட்டையும் தெரிஞ்சுக்கிட்டுப் பதில் சொல்லு."

அவன் ஒரு கல்லை எடுத்து ஓடையில் எறிந்தான். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தான்.

"'எலியேசர் சாருக்குப் பொய் சொல்ல வராதுண்ணே, அவியளையே எனக்குக் கட்டி வையி'ன்னு போன மாசமே சொல்லிட்டாளே அவ! நீயா வாயத் தொறந்து கேக்கட்டும்னுதான் ரெண்டு நாளா ஒன்னைய இந்த மலையில இழுத்துக்கிட்டுத் திரியுதேன்."